கோயில் கல்யாணம், பதிவு இல்லை: கணவர் அடித்தால் சட்டம் உதவுமா?

"கோயில்ல தாலி கட்டியாச்சு, ஜே.பி.என்.-ல இன்னும் பதியல. அவர் அடிச்சா ரிப்போர்ட் பண்ண முடியுமா?" பிரிக்பீல்ட்ஸிலோ கிள்ளானிலோ ஒரு தோழி இப்படிக் கேட்டால், பதில்: முடியும்.

1994-ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டம், மதம் அல்லது வழக்கப்படி திருமணச் சடங்கு நடந்திருந்தால், பதிவு இல்லாவிட்டாலும் அவர்களைக் கணவன் மனைவியாகவே ஏற்கிறது. விவாகரத்தான முன்னாள் கணவருக்கும் இது பொருந்தும். கல்யாண ஃபோட்டோ இருந்தால் பத்திரமாக வைத்திருங்கள். இல்லையே என்று புகாரைத் தள்ளிப்போட வேண்டாம்.

உடனடி ஆபத்து என்றால் அவசரப் பாதுகாப்பு ஆணை, அதாவது இ.பி.ஓ., இருக்கிறது. 2017 திருத்தத்தில் வந்தது. சமூக நல இலாகா அதிகாரியே கொடுப்பார். போலீஸ் ரிப்போர்ட் வேண்டாம், கோர்ட் படியும் ஏற வேண்டாம். ஆனால் 7 நாள்தான் செல்லும்.

சிக்கல் அதற்குப் பிறகுதான். அடுத்த ஆணையான ஐ.பி.ஓ.-வை மாஜிஸ்திரேட் கொடுப்பார்; அதற்கு போலீஸ் விசாரணை நடந்துகொண்டிருக்க வேண்டும். 'மேல் நடவடிக்கை இல்லை' என்று போலீஸ் எழுத்துப்பூர்வமாகத் தெரிவித்தால் அந்த ஆணையும் முடிந்துவிடும். வழக்கு கோர்ட்டுக்குப் போனால் 12 மாதம் வரை பி.ஓ. கேட்கலாம். ஆக, எல்லாமே அந்த முதல் ரிப்போர்ட்டில் தொங்குகிறது. "குடும்ப விஷயம், பேசித் தீர்த்துக்குங்க" என்று யார் சொன்னாலும் ரிப்போர்ட் நகலை வாங்காமல் திரும்பாதீர்கள். காயம் இருந்தால் அரசு மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போய், எப்படி அடிபட்டது என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். அந்தப் பதிவு பிறகு சாட்சியாகும்.

சரி, கல்யாணமே ஆகலை, பாய்ஃபிரெண்ட் அடித்தால்? இங்கேதான் பெரிய ஓட்டை. காதலர்கள் இந்தச் சட்டத்துக்குள் வருவதில்லை, இ.பி.ஓ.-வும் கிடைக்காது. அடித்ததற்குத் தண்டனைச் சட்டத்தின் 323-ஆவது பிரிவில் புகார் செய்யலாம். பிரேக்அப் ஆன பிறகும் திரும்பத் திரும்ப போன், மெசேஜ், வேலையிடத்து வாசலில் காத்திருப்பது என்று பயமுறுத்தினால் அது ஸ்டாக்கிங். 2023 மே 31 முதல் 507ஏ பிரிவில் குற்றம். 3 ஆண்டு வரை சிறை. விசாரணையின்போதே போலீஸ் கோர்ட்டில் பாதுகாப்பு ஆணை கேட்கலாம். மெசேஜ்களை பிளாக் செய்யும் முன் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள்.

அவசரத்துக்கு 999. சமூக நல உதவிக்குத் தாலியான் காசே: 15999.