வல்லும் நாயும்

இராசபாளையம் என்றவுடன் நம் நினைவுக்கு வருவது அவ்வூரின் வெள்ளை வேட்டை நாய். ஊரின் பெயரையே தன் இனத்தின் பெயராகப் பெற்ற பெருமை அதற்கு உண்டு. அடுத்துள்ள திருவில்லிபுத்தூர் என்றாலோ, ஆண்டாளும் பெரியாழ்வாரும் ஓங்கிய கோபுரமும் நினைவில் எழும். இவ்விரண்டு ஊர்களும் பழைய பாண்டிய நாட்டைச் சேர்ந்தவை. அந்நாட்டுப் புலவர் ஒருவர் பாடிய வேறொரு நாயைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன். அந்த நாய் குரைக்காது; கடிக்காது; பலகையின்மேல் மட்டுமே நகரும்.

அதன் பெயரைத் தொல்காப்பியத்தில் காணலாம். எழுத்ததிகாரத்தில் 'வல்' என்ற சொல்லுக்குத் தனி விதி கூறப்பட்டிருக்கிறது. வல் என்பது சூதாட்டக் கருவி. அச்சொல் பிற சொற்களோடு சேரும்போது உகரம் பெறும். ஆனால் நாய், பலகை என்னும் இரு சொற்கள் பின்னே வந்தால் உகரம் கெட்டு அகரம் நிற்றலும் உண்டு என்கிறார் ஆசிரியர். ஆகவே வல்லுநாய் என்பதோடு வல்லநாய் என்றும், வல்லுப்பலகை என்பதோடு வல்லப்பலகை என்றும் வழங்கலாம். இங்கே நாய் என்பது ஆடும் காய். பலகை என்பது ஆடும் களம்.

மக்கள் நாவில் வழங்காத சொல்லுக்கு இலக்கண ஆசிரியர் விதி வகுப்பதில்லை. ஒரே சொல்லை இருவகையாக ஒலிக்கும் அளவுக்கு அவ்வாட்டம் பரவியிருந்தது என்பதை இவ்விதியால் உணர்கிறோம். மன்னர்களின் போர்களைக் கல்வெட்டு சொல்லும். முதியோரின் பொழுதுபோக்கை ஒரு புணர்ச்சி விதி சொல்லிவிடுகிறது!

அம்முதியோரை நேரில் காட்டுகிறார் மதுரை மருதன் இளநாகனார். கூடகாரத்துத் துஞ்சிய மாறன் வழுதியைப் பாடிய புறநானூற்றுப் பாட்டு அது. பாண்டியனை எதிர்த்தோர் நாடு பாழாகிறது. தெய்வமும் நீங்கிய ஊர் அம்பலத்தில் பலியிடுவாரும் இல்லை. முன்பு நரைத்த முதியோர் அமர்ந்து நாயை வைத்து வைத்து ஆடியதால் அவ்விடம் குழிந்து கிடக்கிறது. அக்குழியில் இப்போது காட்டுக்கோழி முட்டையிடுகிறது. ஆடிய கைகள் எங்கே? தேய்ந்த தரை மட்டுமே விடை கூறுகிறது. போரின் கொடுமையை இதனினும் அமைதியாகச் சொல்ல முடியுமோ?

மருதக்கலியிலும் வல்லுப்பலகை வருகிறது. எடுத்து நிறுத்திய பலகை போன்றவன் என்று ஒரு குறளனை அங்கே எள்ளுகிறாள் ஒருத்தி. கேட்டவர் எல்லாரும் பலகையைக் கண்டறிந்தவர் ஆதலால்தான் அந்த உவமை பொருந்துகிறது.

கிரேக்க நாட்டிலும் இதற்கு ஒப்பான செய்தி உண்டு. 'நகரம்' எனப் பொருள்படும் பெயருடைய பலகை ஆட்டம் ஒன்று அங்கே இருந்தது. அதன் காய்களை நாய் என்றே அழைத்தனர் என்று கி.பி. 2-ஆம் நூற்றாண்டினரான போலக்ஸ் எழுதி வைத்தார். ஒரு நிறத்துக் காய் இரண்டு, மாற்று நிறத்துக் காய் ஒன்றை நடுவே அடைத்து வெல்லும் முறையையும் குறித்தார். ஒருவர் எழுதினார், ஆகவே அம்முறை நிலைத்தது. நம் நூல்களிலோ நாயும் பலகையும் எஞ்சின. நாய் நகர்ந்த முறை எஞ்சவில்லை.

இன்றும் வாழும் ஆட்டங்களுக்கு அந்நிலை வரலாமா? ஆடுபுலி ஆட்டத்தில் பெரும்பாலும் 23 புள்ளிகள். புலி 3, ஆடு 15. ஆட்டுக்கு அப்பால் புள்ளி காலியாக இருந்தால் புலி தாவி வெட்டும்; காலி இல்லாமல் ஆடுகள் நெருங்கி நின்றால் புலி அடைபடும். தாயத்திலோ, சுற்றி வந்து நடுக்கட்டம் சேர்ந்த காய் 'பழம்' ஆகிறது. காய் பழமாவது என்ற எளிய கற்பனையில் ஆட்டத்தின் தொடக்கமும் முடிவும் அடங்கிவிடுகின்றன. பல்லாங்குழியில் ஒரு குழியில் நான்கு முத்துச் சேர்ந்தால் அது 'பசு'.

மாணவ நண்பர்களே, விடுமுறையில் உங்கள் பாட்டியாரிடமும் ஊர்ப் பெரியவர்களிடமும் அமர்ந்து ஆடுங்கள். கட்டத்தை வரைந்து, காயின் பெயரையும் அது செல்லும் வழியையும் அவர்கள் சொல்லும் சொல்லாலேயே எழுதி வையுங்கள். தேய்ந்த குழியைக் கண்டு பாடப் புலவர் வேண்டும். ஆடும்போதே எழுதி வைக்க நீங்கள் போதும்.