வில், கமான், ஸ்பிரிங்: வண்டியின் உயரத்துக்கு ஒரு வரலாறு

மைசூர் தேவராஜ மொஹல்லாவில் 'கமான்' என்ற சொல்லுக்கு இரண்டு வாழ்வுகள் உண்டு. தேவராஜ சந்தையின் வளைவு வாயில்களைக் கன்னடத்தில் 'கமானு' என்பர். அந்தச் சந்தைக்கு வாழைத்தாரும் வெற்றிலையும் மல்லிகையும் சுமந்து வரும் பிக்கப் வண்டிகளின் அடியில், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டிய எஃகுப் பட்டைகளைத் தமிழ்ப் பட்டறைகளில் 'கமான் பட்டை' என்பர். பாரசீகத்தில் கமான் என்றால் வில். கட்டடத்தில் அது வளைவாயிற்று; வண்டியில் சுமைதாங்கி ஆயிற்று.

பழைய பிக்கப் ஒன்றின் முன்பக்கத்தைத் தாழ்த்தி ஓட்டுவதை இளைஞர்களின் விளையாட்டு என்று பலரும் கடந்துவிடுவர். ஆனால் ஒரு வண்டி எவ்வளவு உயரத்தில் நிற்கலாம், அதை முடிவு செய்பவர் யார் என்ற கேள்வி மோட்டார் வண்டிக்கும் முந்தையது. அக்கேள்வியின் தடயங்கள் சொற்களிலும் கிடக்கின்றன.

முதலில் பெயரைப் பார்ப்போம். ஆங்கிலம் இப்பொருளை 'ஸ்பிரிங்' என்று செயலால் அழைக்கிறது. அச்சொல்லின் வேர்ப்பொருள் துள்ளுதல். ஜெர்மன் மொழி 'ஃபேடர்', அதாவது இறகு, என்கிறது. தமிழ் வடிவத்தைக் கண்டு வில் என்றது. 'சஸ்பென்ஷன்' என்பதற்கோ தொங்கவிடுதல் என்று பொருள். ஐரோப்பியக் கோச்சு வண்டிகளின் உடல் ஒருகாலத்தில் தோல்வார்களில் உண்மையாகவே தொங்கிக்கொண்டிருந்தது. 1804இல் இலண்டனின் லாம்பெத்தைச் சேர்ந்த ஒபதையா எலியட் நீள்வட்ட வில்லுக்குக் காப்புரிமை பெற்றார். வார்கள் போயின, தொங்கல் என்ற பெயர் மட்டும் தங்கிவிட்டது.

நம் பக்கம் வில் வந்து சேர்ந்த இடம் மாட்டுவண்டி. கட்டை வண்டியில் இருசுக்கும் தட்டுக்கும் இடையே நெகிழ்வு ஏதுமில்லை. சாலையின் ஒவ்வொரு கல்லும் முதுகெலும்பில் வந்து முடியும். இடையில் எஃகு வில் வைத்த வண்டிக்குத் தமிழில் 'வில்வண்டி' என்ற தனிப்பெயரே அமைந்தது. பாரவண்டி விளைச்சலுக்கு, வில்வண்டி மனிதருக்கு. அதிலும் எல்லா மனிதருக்கும் அன்று. வசதியுள்ள வீட்டின் வாசலில் நிற்கும் கூண்டு வில்வண்டி, அந்த வீட்டின் நிலையை ஊருக்கு அறிவிக்கும் பொருளாகவும் இருந்தது.

இதனால்தான் 1893இல் திருவிதாங்கூரின் வெங்ஙானூரில் அய்யன்காளி செய்த செயல் வண்டியின் வரலாற்றிலும் ஓர் ஆண்டுக்கல். பொதுச்சாலையில் நடப்பதே மறுக்கப்பட்ட புலையர் சமூகத்தில் பிறந்த அவர், ஒரு வில்வண்டியை வாங்கி, தலைப்பாகை கட்டி, காளைகளைப் பூட்டி அச்சாலையிலேயே ஓட்டிச் சென்றார். அவர் நடந்து சென்றிருந்தாலும் அது மீறல்தான். வில்வண்டியில் சென்றபோது உயரம், சொகுசு, வேகம் ஆகிய மூன்றையும் சேர்த்து உரிமை கோரினார். மலையாள வரலாற்று நினைவில் அப்பயணம் இன்றும் 'வில்லுவண்டி யாத்திரை' என்றே நிற்கிறது. ஒரு விடுதலைச் செயல் ஒரு ஸ்பிரிங்கின் பெயரால் நினைக்கப்படுவது அரிது.

மோட்டார் வண்டி இந்த வில்லை அப்படியே எடுத்துக்கொண்டது. தொடக்ககாலப் பிக்கப்புகளில் முன்பக்கமும் பின்பக்கமும் கமான் பட்டைகளே. அத்தகைய வண்டியின் முன்பக்கத்தை இறக்க வழிகள் சில உண்டு. ஒன்று, பட்டைகளைக் குறைப்பது. ஒரே அளவுள்ள ஆறு பட்டைகளில் ஒன்றை எடுத்தால் விறைப்பில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு போய்விடும். வண்டி தாழும், ஆனால் ஒவ்வொரு பள்ளத்திலும் அடித்தட்டு இடிக்கும். இரண்டாவது, வில்லின் வளைவைத் தட்டி நிமிர்த்துவது. நிமிரும் வில் நீளும். அந்த நீளத்துக்கு ஷேக்கிளில் இடம் வேண்டும். தீயில் காய்ச்சி நிமிர்த்தினால் எஃகின் பதம் கெடும். மீண்டும் முறையாகப் பதமேற்றாத பட்டை சில மாதங்களில் தொய்யும் அல்லது முறியும். மூன்றாவது, ஆக்சிலுக்கு மேலிருக்கும் வில்லை அதற்குக் கீழே மாற்றிக் கட்டுவது. ஆக்சிலின் பருமனும் வில்லின் பருமனும் சேர்ந்த அளவுக்கு வண்டி ஒரேயடியாக இறங்கும். வில்லிஸ் ஜீப்பில் வில் தொடக்கத்திலிருந்தே ஆக்சிலுக்குக் கீழேதான் இருந்தது. அதை உயர்த்த விரும்புவோர் இதே வேலையைத் தலைகீழாகச் செய்கின்றனர்.

வில்லே இல்லாத முன்பக்கங்களும் உண்டு. 1960 முதல் 1962 வரை வந்த செவ்ரோலே பிக்கப்புகளின் முன்பக்கத்தில் நீண்ட எஃகுத் தண்டு முறுகிச் சுமை தாங்கியது. 1963இல் சுருள்வில் வந்தது. முறுக்குத் தண்டு உள்ள வண்டியில் அதைப் பிடித்திருக்கும் போல்ட்டைத் தளர்த்தினாலே உயரம் குறையும். எளிது என்பதாலேயே இது ஏமாற்றும். தளர்த்திய அளவுக்குச் சக்கரம் மேலெழும்ப மிஞ்சும் இடமும் குறைகிறது. சுருள்வில் வண்டிகளுக்குப் பிற்காலத்தில் கிடைத்த நல்ல தீர்வு, சக்கரம் சுழலும் முனையை மேலே தள்ளி வார்த்த ஸ்பிண்டில். வில் தன் இயல்பில் நிற்க, உடல் மட்டும் இறங்கும்.

எவ்வழியில் இறக்கினாலும் ஸ்டியரிங் அதை உணரும். முன்பக்கம் மட்டும் தாழ்ந்தால் வண்டி முழுவதும் மூக்கு கவிழும். கிங்பின்னின் பின்சாய்வு குறையும். திருப்பிய சக்கரம் தானே நேருக்கு வரும் இயல்பு மங்கும். ஸ்டியரிங்கிலிருந்து சக்கரத்துக்குச் செல்லும் தண்டின் கோணமும் மாறுவதால், பள்ளத்தில் இறங்கும்போது ஓட்டுபவர் திருப்பாமலே வண்டி ஒருபக்கம் இழுக்கும். முகப்பு விளக்கின் ஒளியும் தாழ்ந்து, இரவில் தெரியும் தூரம் சுருங்கும். ஆகவே தாழ்த்திய பிறகு வீல் அலைன்மென்ட்டும் விளக்குச் சீரமைப்பும் அந்த வேலையின் பகுதிகளே.

இவ்வளவு தொல்லை இருந்தும் ஏன் தாழ்த்தினர்? அதற்கு இன்னொரு வரலாறு உண்டு. இரண்டாம் உலகப் போருக்குப் பின் கலிபோர்னியாவின் மெக்சிகோ வழி அமெரிக்க இளைஞர்கள் பழைய செவ்ரோலே கார்களின் டிக்கியில் மணல் மூட்டை வைத்தும் சுருள்வில்லை அறுத்தும் தாழ்த்தி, ஞாயிற்றுக்கிழமைகளில் மெதுவாக ஊர்வலம் போனார்கள். வேகமே பெருமை என்றிருந்த நாட்டில் மெதுவாகப் போவது அவர்களின் பெருமையாயிற்று. 1958இல் அம்மாநிலச் சட்டம், வண்டியின் எப்பகுதியும் சக்கர விளிம்பின் அடிமட்டத்துக்குக் கீழே இருக்கலாகாது என்றது. மறு ஆண்டே ரான் அகிர்ரே ஹைட்ராலிக் பம்புகளைப் பொருத்தினார். காவலர் வந்தால் வண்டி எழும், போனால் அமரும். அந்தத் தடை 2023இல் நிறைவேறிய சட்டத்தால்தான் நீங்கியது. அய்யன்காளி ஏறி அமர்ந்தார். இவர்கள் இறங்கி அமர்ந்தார்கள். சாலையில் தம் உயரத்தைத் தாமே முடிவு செய்வோம் என்பதே இருவரின் கூற்றும்.

இந்தியாவில் அந்த முடிவு உற்பத்தியாளரிடம் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவை, 2000ஆம் ஆண்டுத் திருத்தத்துடன் சேர்த்து வாசித்த உச்ச நீதிமன்றம், உற்பத்தியாளர் முதலில் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றலாகாது என்று 2019 ஜனவரியில் தீர்ப்பளித்தது. வழக்கு கேரளத்திலிருந்து வந்தது. பாதுகாப்பு என்ற அதன் காரணத்தை மறுக்க முடியாது. மேலே சொன்ன ஸ்டியரிங் கோளாறுகளே அதற்குச் சான்று. எனினும் நம் சந்தைத் தெருக்களில் அன்றாடம் நிகழும் மாற்றம் இதற்கு நேர்எதிரானது: அதிக பாரம் ஏற்றப் பட்டை கூட்டுவது. தாழ்த்திய வண்டி கண்ணில் படுகிறது. பட்டை கூட்டிய வண்டி பிழைப்புக்குள் மறைந்துவிடுகிறது.

முறிந்த பட்டைக்கும் மறுவாழ்வு உண்டு. தமிழ்நாட்டுக் கொல்லர்கள் லாரிப் பட்டையை வாங்கி அரிவாளாக அடிக்கிறார்கள். வில்லாக இருந்தது வெட்டும் கருவியாகிறது. அந்த எஃகு எவ்வளவு வளையும், எப்போது முறியும் என்பதை அவர்கள் கையால் அறிவார்கள். அந்த அறிவுக்குரிய சொற்களில் பெரும்பகுதி நம் அகராதிகளில் ஏறவில்லை. ஏர் சஸ்பென்ஷனும் ஒற்றைப் பட்டையும் பரவும்போது, அடுக்குப் பட்டையோடு அச்சொற்களும் பழைய இரும்புக்குப் போய்விடும்.

எனவே வாசிப்போரிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் ஊர்ப் பட்டறையில் பட்டைகளுக்கு, அவற்றில் மிக நீண்டதற்கும் மிகக் குட்டையானதற்கும், அவற்றைச் சேர்த்துக் கட்டும் போல்ட்டுக்கு, வண்டி ஒருபக்கம் சாய்வதற்கு என்ன சொற்கள் வழங்குகின்றன? ஊர்ப்பெயரோடு எழுதுங்கள்; தொகுக்கிறேன்.