கண்டிச்சீமைக் காபியைத் தின்ற துரு நோய்

இந்தக் கட்டுரை வேங்கிக்கால் பக்கத்தில் ஒரு மல்லாட்டைக் கொல்லையில் தொடங்கி, இலங்கை மலைகளுக்குப் போகிறது. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்!

ஆவணி மாதம் பெரியப்பாவோடு கொல்லைக்குப் போயிருந்தேன். செடியெல்லாம் மஞ்சளாகத் தெரிந்தது. பெரியப்பா பார்த்த உடனே, "சத்து பத்தலடா, ஒரு கை யூரியா போட்டா சரியாப் பூடும்" என்றார். நான் தாவரவியல் படிக்கிற திமிரில் ஒரு இலையைத் திருப்பிப் பார்த்தேன். அடியில் செங்கல் பொடி தூவியது போலச் சின்னச் சின்னக் கொப்புளங்கள். விரலால் தேய்த்தால் பொடி ஒட்டிக்கொண்டது. அது பசி இல்லை, துரு நோய்!

இலை மஞ்சளாவதற்குப் பல காரணங்கள் உண்டு. தழைச்சத்து குறைந்தால் முதலில் அடியிலுள்ள முதிர்ந்த இலைகள் வெளுக்கும். செடி பழைய இலையிலிருந்து சத்தை எடுத்துப் புதுத் தளிருக்கு அனுப்பிவிடுவதுதான் காரணம். இரும்புச்சத்து அப்படி எளிதில் இடம் மாறாது. எனவே அது குறைந்தால் நுனியிலுள்ள இளம் இலைகள் மஞ்சளாகும், நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். பூஞ்சை நோய் என்றால் இலையில் புள்ளியோ பொடியோ தெரியும். பசியா, நோயா? இதைத் தவறாகப் புரிந்துகொண்டால் என்ன ஆகும் என்பதற்கு வரலாற்றில் ஒரு பெரிய உதாரணம் இருக்கிறது. அதில் நம் ஊர்ப்பக்கத்து மக்களும் இருக்கிறார்கள்.

காபித் தீவு

இன்று இலங்கை என்றால் நமக்குத் தேயிலைதான் நினைவுக்கு வரும். ஆனால் 1870 வாக்கில் அது உலகின் முன்னணிக் காபி நாடுகளில் ஒன்று. ஆண்டுக்குச் சுமார் 10 கோடி பவுண்டு காபி ஏற்றுமதியானது. கண்டியைச் சுற்றியிருந்த மலைக்காடுகளை வெட்டி, எரித்து, மலைக்கு மலை ஒரே பயிராக அராபிக்கா காபியை நட்டிருந்தார்கள் வெள்ளைக்காரத் துரைமார்.

அங்கே வேலை செய்தவர்கள் யார்? திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, ராமநாதபுரம், சேலம், தஞ்சாவூர், வட ஆற்காடு, தென் ஆற்காடு என்று சென்னை மாகாணத்திலிருந்து போன தமிழர்கள். ஊரில் பஞ்சம், கடன், நிலமில்லாமை. கங்காணி முன்பணம் கொடுத்துக் கூட்டிப்போவார். படகில் மன்னார் கரையில் இறங்கி, அங்கிருந்து காட்டு வழியே மாத்தளை வரை நடை. காலராவிலும் காய்ச்சலிலும் வழியிலேயே இறந்தவர்கள் ஏராளம். ஊரில் இதைக் 'கண்டிச்சீமைக்குப் போவது' என்பார்கள்.

ஒன்றைக் கவனியுங்கள். காபிப் பழம் பறிப்பது சில மாத வேலை. அதனால் அன்று போனவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். பறிப்பு முடிந்ததும் பலர் ஊர் திரும்பினார்கள்.

1869: முதல் புள்ளி

1869-ம் ஆண்டு மடுல்சீமைப் பகுதியில் காபி இலைகளில் மஞ்சள் புள்ளிகள் தெரிந்தன. இலையின் அடிப்பக்கம் ஆரஞ்சு நிறப் பொடி. பேராதனைத் தாவரவியல் பூங்காவின் இயக்குநர் துவைட்ஸ் அந்த இலைகளை இங்கிலாந்துக்கு அனுப்பினார். அங்கே பெர்க்கிலி என்ற பூஞ்சை அறிஞர் அதே ஆண்டு அதற்கு 'ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ்' என்று பெயர் வைத்தார். முதல் சொல்லுக்குப் 'பாதி வழவழப்பு' என்று பொருள், ஏனென்றால் அதன் வித்து ஒரு பக்கம் வழவழப்பாகவும் மறுபக்கம் சொரசொரப்பாகவும் இருக்கும். இரண்டாவது சொல்லுக்குப் 'பேரழிவு செய்வது' என்று பொருள். பெயர் வைத்தவருக்கே அது எவ்வளவு பொருத்தம் என்று அப்போது தெரிந்திருக்காது!

துரைமார் பலர் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. செடி சோர்ந்திருக்கிறது, நன்றாக உரம் போட்டால் தேறிவிடும் என்று நினைத்தார்கள். உரமிட்ட செடி புதுத் துளிர் விட்டது உண்மைதான். ஆனால் அந்தத் துளிரிலும் துரு ஏறியது. இதற்கிடையே 1870-களில் காபி விலை ஏறியதால், விளைச்சல் குறைந்த நட்டம் கண்ணுக்குப் படவில்லை. இன்னும் காட்டை வெட்டி இன்னும் காபி நட்டார்கள். 1878-ல் பரப்பு 2,75,000 ஏக்கரைத் தொட்டது. நோய் வந்த பிறகுதான் பயிர்ப்பரப்பு உச்சத்துக்குப் போனது என்பது எனக்குப் பெரிய ஆச்சரியம்.

வார்டு கண்டுபிடித்தது

1880-ல் ஹாரி மார்ஷல் வார்டு என்ற இளம் ஆராய்ச்சியாளரை அரசு இலங்கைக்கு அனுப்பியது. பிறந்தது 1854, அப்படியென்றால் வயதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள்! இரண்டு ஆண்டுகள் அங்கே இருந்தார். பசையான கிளிசரின் தடவிய கண்ணாடித் துண்டுகளைத் தோட்டத்தில் வைத்து, காற்றில் வரும் வித்துகளைப் பிடித்தார். வித்து இலை மேல் விழுந்து, ஈரம் கிடைத்தால் முளைத்து, இலைத்துளை வழியாக உள்ளே நுழைகிறது என்று காட்டினார். உள்ளே போய்விட்டால் மேலே தூவும் மருந்து எட்டாது. வித்து முளைக்கும் முன்பே தடுத்தால்தான் உண்டு. அன்று சிலர் நம்பியிருந்த கந்தகம், சுண்ணாம்புத் தூவல் நோயை நிறுத்தவில்லை.

தடையில்லாமல் மலை முழுக்க ஒரே செடி நிற்பதுதான் காற்றில் வரும் வித்துக்கு விருந்து என்பதையும் அவர் எடுத்துச் சொன்னார். காடு நடுநடுவே இருந்திருந்தால் பரவல் தாமதமாகியிருக்கும். ஆனால் காலம் கடந்துவிட்டது. மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவையை பிரான்சில் மில்லார்டே அறிவித்தது 1885-ல்தான். அது திராட்சைக்காக வந்தது. பிற்பாடு காபிக்கும் கைகொடுத்தது.

1884-ல் தோட்டங்களுக்குக் கடன் கொடுத்திருந்த ஓரியண்டல் வங்கி திவாலானது. 1890-களின் தொடக்கத்தில் காபி ஏற்றுமதி பழைய அளவில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. பட்டுப்போன காபி மரங்கள் இங்கிலாந்துக்குப் போய் தேநீர் மேசைக்குக் காலாயின என்று ஒரு கதை சொல்வார்கள்!

தேயிலை வந்தது, லயம் வந்தது

1867-லேயே ஜேம்ஸ் டெய்லர் என்பவர் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை நட்டிருந்தார். காபி விழுந்ததும் எல்லோரும் அதன் பக்கம் ஓடினார்கள். 1890-களின் இறுதியில் தேயிலை 3 லட்சம் ஏக்கரைத் தாண்டிவிட்டது. முதலாளிக்குப் பயிர் மாறியது, அவ்வளவுதான். தொழிலாளிக்கு வாழ்க்கையே மாறியது.

முதல் அடி கூலியில் விழுந்தது. நொடித்த தோட்டங்களில் மாதக்கணக்கில் சம்பளப் பாக்கி. அடுத்த மாற்றம் இன்னும் ஆழமானது. தேயிலையில் வருடம் முழுக்கக் கொழுந்து பறிக்க வேண்டும். சில மாதம் வந்து போகிற ஆள் போதாது. ஆண், பெண், பிள்ளை என்று குடும்பமாகவே வேண்டும். வரிசையாகக் கட்டிய ஒற்றை அறை லயங்களில் அவர்கள் தங்கினார்கள். பிள்ளைகள் அங்கேயே பிறந்தார்கள், பெரியவர்கள் அங்கேயே புதைக்கப்பட்டார்கள். திரும்பி வருவது மெல்ல மெல்ல நின்றது.

1948-ல் சுதந்திர இலங்கையின் குடியுரிமைச் சட்டம் அவர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964-ல் சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்தது. மீதி 1,50,000 பேரை 1974-ல் பாதிப்பாதியாகப் பிரித்தார்கள். திரும்பி வந்தவர்களுக்காகவே நீலகிரியில் அரசு தேயிலைத் தோட்டங்கள் (இன்றைய டான்டீ) 1968-ல் தொடங்கப்பட்டன. இலங்கையில் எஞ்சிய நாடற்றவர்களுக்குக் குடியுரிமை தரும் சட்டம் 2003-ல்தான் வந்தது.

எல்லாவற்றுக்கும் பூஞ்சைதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. சட்டம் போட்டது பூஞ்சை இல்லை. ஆனால் வந்து போகிறவர்களை அங்கேயே இருத்திய மாற்றத்தில் அந்த ஆரஞ்சுப் பொடிக்குப் பெரிய பங்கு உண்டு.

செடி சும்மா இருக்குமா?

செடிக்கும் தற்காப்பு உண்டு. எதிர்ப்புள்ள காபிச் செடியில் பூஞ்சை நுழைந்தால், அந்த இடத்துச் செல்கள் தாமாகவே செத்துவிடும். உயிருள்ள செல்லில்தான் துருப் பூஞ்சை பிழைக்கும், அதனால் அது பட்டினியில் முடங்கிவிடும். 1911-ல் கர்நாடகத்தில் கென்ட் என்ற தோட்டக்காரர் துரு பிடிக்காத செடியைத் தேர்ந்தெடுத்தார். சில ஆண்டுகளில் பூஞ்சை அதையும் வென்றது. 1925-ல் பாலேஹொன்னூரில் தொடங்கிய ஆராய்ச்சி நிலையத்தில், மேன் என்ற விஞ்ஞானி 1930-களில் துருவிலும் பல இனங்கள் இருப்பதைக் காட்டினார். அங்கே உருவான எஸ்.795 பல ஆண்டுகள் தாக்குப்பிடித்தது, பிறகு அதற்கும் துரு வந்தது. 1970-ல் பிரேசிலை எட்டிய இந்நோய், 2012-ல் மத்திய அமெரிக்காவை உலுக்கியது. செடி ஒரு பூட்டுப் போட்டால் பூஞ்சை ஒரு சாவி செய்கிறது. எல்லா வீட்டுக்கும் ஒரே பூட்டு என்றால் ஒரு சாவி போதும். இலங்கையில் நடந்தது அதுதான்.

பெரியப்பா அன்று யூரியா போடவில்லை. இலையைப் பறித்துக்கொண்டு வேளாண்மை அலுவலரைப் பார்க்கப் போனார். நோய் முற்றிவிட்டதால் மகசூல் கொஞ்சம் குறைந்தது. "முன்னாடியே இலைய திருப்பிப் பாத்திருக்கணும்" என்று மட்டும் சொன்னார்.

உங்கள் குடும்பத்தில் யாராவது கண்டிச்சீமைக்குப் போனார்களா? வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். எந்தத் தோட்டம், எந்த ஆண்டு, ஏன் திரும்பவில்லை என்று அவர்கள் சொல்வதைக் குறித்து வையுங்கள். அடுத்த கட்டுரையில் சந்திப்போம்.