மிச்ச மின்னூட்டம்: லித்தியம் பாட்டரி விதிகளில் 2022க்கு முன்னும் பின்னும்

இந்தியாவில் லித்தியம் அயனி பாட்டரிப் பாதுகாப்பின் வரலாற்றை 2022இலிருந்து தொடங்குவது வழக்கமாகிவிட்டது. அவ்வாண்டு மார்ச்சில் வேலூரில், வீட்டில் சார்ஜ் ஏற்றியிருந்த மின்ஸ்கூட்டர் தீப்பற்றித் தந்தையும் மகளும் இறந்தனர். இத்தகைய தீ விபத்துகளை ஆராய ஒன்றியச் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் ஹைதராபாத் ஏ.ஆர்.சி.ஐ. ஆய்வு மைய இயக்குநர் தலைமையில் வல்லுநர் குழுவை அமைத்தது. அதன் பரிந்துரைப்படி ஆகஸ்ட் 29இல், மின்ஸ்கூட்டர் போன்ற வண்டிகளின் பாட்டரிகளுக்கான ஏ.ஐ.எஸ்.-156 தரவிதி திருத்தப்பட்டது. இந்த வரிசையில் பிழையில்லை. குழுவின் பார்வையையே முழு வரலாறாகக் கொள்வதைத்தான் ஏற்க முடியவில்லை. திருத்தம் பேசுவது வண்டியில் பூட்டிய பாட்டரியை: செல், பி.எம்.எஸ். எனும் பாட்டரி மேலாண்மைச் சுற்று, சார்ஜர், செல்கள் சேர்ந்த பேக்கின் அமைப்பு, ஒரு செல்லின் வெப்பம் மற்றவற்றுக்குப் பரவுவது. கழற்றிய பேக்கில் எஞ்சும் மின்னூட்டம் இந்தப் பட்டியலுக்குள் வரவில்லை.

மின்னூட்டத்தைக் குறைத்தால் ஆபத்து குறையும் என்ற கருத்து அதற்கு முன்பே சட்டமாகியிருந்தது. தனியாக விமானச் சரக்கில் செல்லும் லித்தியம் அயனி பாட்டரிகளில் 30 விழுக்காட்டுக்கு மேல் சார்ஜ் இருக்கக் கூடாது என்பது 2016 ஏப்ரல் 1 முதல் பன்னாட்டு விதி. அவ்விதி இடம்பெறும் பன்னாட்டுத் தொகுப்பைப் பின்பற்ற வேண்டுமென 2003ஆம் ஆண்டின் இந்திய வான்போக்குவரத்து விதிகள் ஏற்கெனவே கூறியிருந்தன. ஆகவே தொடக்கத்தை ஆறாண்டுகளேனும் முன்னே தள்ள வேண்டும்.

ஏ.ஐ.எஸ்.-156இல் உள்ள அதிமின்னிறக்கச் சோதனை இங்கே கூர்ந்து பார்க்கத்தக்கது. பேக்கிலிருந்து தொடர்ந்து மின்சாரம் எடுக்கப்படும். பாதுகாப்புச் சுற்று தானே துண்டிக்க வேண்டும். துண்டிக்காவிட்டால் பெயரளவு மின்னழுத்தத்தின் 25 விழுக்காடு வரை இறக்க வேண்டும். 13 செல் வரிசை கொண்ட 48 வோல்ட் பேக்கில் அது 12 வோல்ட். செல் ஒன்றுக்கு ஒரு வோல்ட்டுக்கும் குறைவு. அந்த ஆழத்தில் எதிர்முனையின் தாமிரத் தகடு கரையத் தொடங்கும். அத்தகைய செல்லை மீண்டும் சார்ஜ் செய்தால் தாமிரம் படிந்து உள்ளேயே குறுக்குச்சுற்று உண்டாகலாம். இனி சார்ஜே ஏறாமல் நொறுக்கப்படப்போகும் செல்லுக்கோ அதே ஆழம் காப்பாகிறது. அந்நிலையிலும் தீயோ வெடிப்போ கூடாது என்று கேட்கும் தரவிதி, பேக்கை ஆழமாகக் காலி செய்வதற்கான வரையறையையும் தன்னுள் வைத்திருக்கிறது என்பது என் வாதம். எழுதியவர்கள் இதை நோக்கமாகக் கொண்டார்கள் என்று சொல்வதற்கில்லை. சோதனை புதிய பேக்குக்கானது. இருந்தும் அளவும் முறையும் அங்கே உள்ளன.

2022இல் ஏ.ஐ.எஸ். திருத்தத்துக்கு முந்தைய வாரத்தில், ஆகஸ்ட் 22 நாளிட்ட பாட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் வெளிவந்தன. 2001இன் விதிகள் ஈய அமில பாட்டரியை மட்டுமே அறிந்தவை. புதியவை லித்தியத்தையும் சேர்த்தன. நுகர்வோரின் கடமையாக அவை சொல்பவை இரண்டு: பழைய பாட்டரியை மற்றக் குப்பையோடு கலக்காதே, சேகரிப்பவர், புதுப்பிப்பவர், மறுசுழற்சி செய்பவர் ஆகியோரில் ஒருவரிடம் கொடு. மிச்ச மின்னூட்டம் பற்றி அந்தப் பிரிவில் சொல் இல்லை.

இந்த இடைவெளியில் நுழைந்ததே, பழைய பாட்டரியை உப்புநீரில் மூழ்கவைத்து மின்னூட்டத்தை இறக்கும் முறை. அது பழைய சாமான் கடைகளுக்கு எந்த ஆண்டு வந்தது என்று உறுதியாகக் குறிக்க இயலாது. அதன் குறை தெளிவானது: உப்புநீரில் முனைகள் அரித்துவிட்டால் உள்ளே மின்னூட்டம் இருந்தும் வெளியே மீட்டர் சுழியம் காட்டும், ஹைட்ரஜனும் குளோரினும் வெளியேறக்கூடும். பி.எம்.எஸ். துண்டித்த பேக்கும் இதே பொய்யைச் சொல்லும். மின்தடை வழியாகச் செல்வாரியாக இறக்கி, ஓய்வுக்குப் பின் மீண்டும் அளப்பதே நம்பத்தக்கது. ஓய்வில் மின்னழுத்தம் மீண்டும் ஏறும்.

இந்த இடைவெளி நாளை எங்கே உறைக்கும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு, சென்னை–திருப்பதி சாலையில் உள்ள திருத்தணி. சென்னையைச் சேர்ந்த முனோத் நிறுவனம் 165 கோடி ரூபாயில் அமைத்த லித்தியம் செல் ஆலை, திருப்பதியில் 2022 செப்டம்பரில் முன்னோட்ட உற்பத்தியைத் தொடங்கியது. திறன் நாளுக்கு 20,000 செல்கள், பெரும்பாலும் பவர் பேங்குகளுக்கு. இத்தகைய செல் ஒவ்வொன்றும் ஒருநாள் கழிவாகும். அப்போது திருத்தணியின் காயலான் கடைக்காரருக்கு உதவப்போவது வேலூருக்குப் பின் வந்த திருத்தமல்ல. ஓய்வுக்குப் பின் அளந்த மின்னழுத்தத்தை எழுதி ஒட்டும் கட்டாயமே. 2016இன் வான்விதி அதன் முன்மாதிரி என்பது என் துணிபு.