குன்றடியில் ஒரு பூங்கா

மாமல்லபுரத்தில் எங்கள் தெருப் பிள்ளைகள் பூங்கா வேண்டும் என்று கேட்டதில்லை. குன்றின் சரிவில் உருண்டுவிடுவதுபோல் நிற்கும் வெண்ணெய் உருண்டைக் கல்லுக்குக் கீழே சரிந்திறங்கும் பாறைதான் எங்கள் சறுக்குமரம். தலைமுறை தலைமுறையாகச் சறுக்கி அந்தத் தடம் மெழுகு தேய்த்தாற்போல் மினுங்கும். கால்சட்டை பின்பக்கம் கிழிந்திருந்தால், எங்கே போய் வந்தாய் என்று அம்மா கேட்கவே மாட்டாள்.

குன்றின் சரித்திரம் என்றால் ஏழாம், எட்டாம் நூற்றாண்டுப் பல்லவர் சிற்பங்களைத்தான் சொல்வார்கள். சுமார் 250 டன் எடையுள்ள வெண்ணெய் உருண்டைக் கல்லை ஆங்கிலேயர் காலத்து ஆளுநர் ஹாவ்லாக் ஏழு யானைகள் கட்டி இழுக்கச் சொன்ன கதையும் வழிகாட்டிகள் வாயில் உண்டு. ஊர் அந்தக் குன்றோடு எப்படிப் புழங்கியது என்பதும் சரித்திரம்தானே? குன்றின் மேலுள்ள ஓலக்கண்ணேஸ்வரர் கோயில் உச்சியில் ஒரு காலத்தில் கப்பல்களுக்காக விளக்கு எரிந்தது. பிறகுதான் பக்கத்தில் கலங்கரை விளக்கம் எழுந்தது. பாதியில் நின்றுபோன ராயகோபுரத்து நிழலில் கட்டுச்சோறு பிரித்தோம். பாறை இடுக்குகளில் ஆடுகள் மேய்ந்தன. 1992இல் நாட்டிய விழா தொடங்கியபோது அர்ச்சுனன் தபசுச் சிற்பப் பாறைதான் மேடையின் பின்திரை.

1984இல் யுனெஸ்கோ பட்டியலில் ஊர் ஏறியது. ஆனாலும் குன்றடியில் முள்ளும் குப்பையும் சேர்ந்துகொண்டேதான் இருந்தன. 2019 அக்டோபர் 11 அன்று பிரதமர் மோடியும் சீன அதிபர் ஷி ஜின்பிங்கும் வருவதற்குள் எல்லாம் துப்புரவாகின. புல்தரை விரிந்தது, விளக்குகள் எரிந்தன. மனம் நிறைந்தது, மறைக்க மாட்டேன். அதே மாதம் வெண்ணெய் உருண்டைக்கு 40 ரூபாய் கட்டணம் வந்தது. வெளியூர்க்காரர் தரட்டும், நியாயமே. தினம் வரும் ஊர்க்காரருக்கு அது பெரிய தொகை.

ஓர் இடத்தை யார் பராமரித்தாலும் அதில் புழங்குபவர்கள்தான் அதை வாழவைக்கிறார்கள். சென்னை மயிலாப்பூர் நாகேஸ்வரராவ் பூங்காவைப் பாருங்கள். அது ஒரு காலத்தில் குட்டை. இன்று ஒரு தனியார் நிறுவனம் அதைப் பராமரிக்கிறது. ஆனாலும் அதற்கு உயிர் கொடுப்பவர்கள் நடக்க வருபவர்களும், சதுரங்கம் ஆடுபவர்களும், ஞாயிறு காலையில் ஒலிபெருக்கி இல்லாமல் பாடும் சிறுவர்களும்தான்.

சிற்பங்களுக்கு வேலி கட்டாயம் வேண்டும். ஒரு கீறல்கூட விழக் கூடாது. சிற்பமே இல்லாத சரிவும் புல்தரையும் வேறு. காலை ஆறிலிருந்து எட்டு வரை குடும்ப அட்டையைக் காட்டும் உள்ளூர்க்காரர்களுக்கு அவற்றைத் திறந்துவிடலாம். குப்பை பொறுக்கவும் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றவும் நிர்வாகம் தெருவாரியாக முறை வைத்து எங்களைக் கூப்பிடட்டும். எங்கள் தெருவிலிருந்து முதல் ஆளாக நான் வருகிறேன்.