புறம்போக்கும் பள்ளிக்கூடமும்

சில சொற்கள் காலப்போக்கில் தம் மதிப்பிழந்து வசைச்சொல்லாகி விடுவதுண்டு. 'புறம்போக்கு' அவற்றுள் ஒன்று. வேலையின்றித் திரிபவனை அச்சொல்லால் ஏசுகிறோம். வருவாய்த் துறைக் கணக்கிலோ அதன் பொருள் வேறு. தீர்வை விதிக்கப்படாமலும் தனியொருவர் பட்டாவுக்கு உட்படாமலும் ஊராரின் பொதுப் பயனுக்காக விடப்பட்ட நிலத்தையே அது குறிக்கும். ஏரி, குளம், வாய்க்கால், பாதை, மேய்க்கால், மந்தைவெளி, இடுகாடு ஆகியன அதனுள் அடங்கும்.

இச்சொல்லின் வரலாற்றை ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தை முன்வைத்து எண்ணிப் பார்ப்பது பொருத்தமாகும். ஆர்க்காட்டு நவாப் முஹம்மது அலீ வாலாஜா 1763இல் செங்கற்பட்டுப் பகுதியை ஆங்கிலக் கம்பெனிக்கு ஜாகீராக வழங்கினார். அதனை அளக்க வந்த தாமஸ் பர்னார்டு என்னும் பொறியாளர் 1767 முதல் 1774 வரை ஏறத்தாழ 2000 ஊர்களின் கணக்கைத் திரட்டினார். விளைநிலத்தோடு அவர் நிறுத்திக்கொள்ளவில்லை. ஏரி, குளம், தோப்பு, காடு, குடியிருப்பு ஆகியவற்றின் பரப்பும் பதிவாயிற்று. வருவாய் தேடி வந்தவர்களும், வருவாய் தராத நிலம் வெற்று நிலமன்று என்பதை அறிந்திருந்தனர்.

அதே மண்ணில் இன்று தொழிற்சாலைகள் நிற்கின்றன. இருங்காட்டுக்கோட்டையில் 1998இல் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கிற்று. ஒரகடத்தில் 2010இல் ரெனோ-நிசான் ஆலை திறக்கப்பட்டது. பிழைப்பு நாடி வந்த குடும்பங்களுக்காக நெல் விளைந்த வயல்கள் வீட்டுமனைகளாயின. பிள்ளைகள் பெருகினால் பள்ளி வேண்டும்; பள்ளிக்கு நிலம் வேண்டும். விலை கொடுத்து வாங்கத் தயங்குவோரின் பார்வை புறம்போக்கின் மேல் விழுவது இயல்பே.

அருகிலுள்ள பரந்தூரில் விமான நிலையம் அமையும் என்று 2022இல் அறிவிக்கப்பட்டபோது, ஏகனாபுரம் மக்கள் தம் ஏரியையும் வயலையும் காக்க எழுந்தனர். விமான நிலையத்தை மறுப்பவர்க்குச் சொல் எளிதில் கிடைக்கும். பள்ளிக்கூடத்தை மறுப்பவர்க்கு நாக்குத் தயங்கும். கற்பிப்பதையே வாழ்வாகக் கொண்ட நமக்கும் அத்தயக்கம் உண்டு. எனினும் வரலாறு கூறுவதைக் கேட்டபின் முடிவு செய்வதே முறை.

நல்ல நோக்கங்கள் ஒவ்வொன்றாக வந்து ஒரு பசுமைவெளியை எவ்வாறு கரைக்கும் என்பதற்குச் சென்னையே சான்று. 1859இல் ஆளுநராக வந்த சர் சார்லஸ் டிரெவெலியனின் முயற்சியால், பொதுமக்கள் உலாவ 116 ஏக்கரில் 'பீப்பிள்ஸ் பார்க்' உருவாயிற்று. பின்னர் அதில் விக்டோரியா மண்டபம் எழுந்தது, 1900இல் மூர் மார்க்கெட் வந்தது, 1913இல் ரிப்பன் கட்டடம் திறக்கப்பட்டது, விளையாட்டரங்கமும் சேர்ந்தது. எதுவும் தீய நோக்கத்தால் கட்டப்பட்டதன்று. ஆயினும் பூங்கா சுருங்கிப் போயிற்று. மயிலாப்பூரை அடுத்த மந்தைவெளியிலோ, மந்தை போய்ப் பெயர் மட்டுமே நிலைத்திருக்கிறது.

இத்தகைய இழப்பைத் தடுத்து நிறுத்தியவர்களும் உண்டு. பெங்களூரின் ராஜ்மகால் விலாஸ் விரிவாக்கப் பகுதியில் பூங்காவுக்கென ஒதுக்கிய நிலத்தை, முதலமைச்சரின் ஆணைப்படி நகர வளர்ச்சிக் குழுமம் ஒரு தனியார் மருத்துவ அறக்கட்டளைக்கு அளித்தது. அப்பகுதி மக்கள் வழக்குத் தொடுத்தனர். நோயாளிக்கு மருத்துவமனை தேவையில்லையா என்ற வினா அவர்களையும் எதிர்கொண்டது. 1991இல் உச்ச நீதிமன்றம் அவர்கள் பக்கமே தீர்ப்பளித்தது. பூங்கா மக்கள் அனைவருக்கும் உரியது. தனியார் மருத்துவமனை அதற்கு ஈடாகாது. அங்கு வாழ்வோர் அதைக் காக்க வழக்காடும் உரிமை உடையவர் என்பன அத்தீர்ப்பின் சாரம்.

எல்லா வழக்கும் இவ்வாறு முடிவதில்லை. இங்கிலாந்தின் லங்காஸ்டர் நகரில், ஒரு தொடக்கப்பள்ளியை அடுத்த மூர்சைடு வயல்வெளியில் மக்கள் நெடுங்காலமாக உலாவி வந்தனர். அதனை ஊர்ப் பொதுவெளியாகப் பதிவு செய்யும்படி அவர்கள் கோரினர். கல்வித் தேவைக்கென அந்நிலத்தை வைத்திருந்த மாவட்ட மன்றம் மறுத்தது. 2019இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் பெரும்பான்மைத் தீர்ப்பால் மன்றத்தின் பக்கம் நின்றது. நிலம் முதலில் எதற்கென வைக்கப்பட்டது என்பதே பெங்களூரிலும் லங்காஸ்டரிலும் வழக்கின் உயிர்நிலையாக இருந்ததை வாசகர் கவனிக்க வேண்டும்.

நம் நாட்டுத் தீர்ப்பு மற்றொன்றும் நினைவில் இருத்தத்தக்கது. பஞ்சாபின் ஊர்க்குளம் ஒன்றைப் பற்றிய ஜக்பால் சிங் வழக்கில், ஊர்ப் பொதுநிலங்களிலுள்ள ஆக்கிரமிப்புகளை அகற்றத் திட்டம் வகுக்குமாறு உச்ச நீதிமன்றம் 2011இல் எல்லா மாநிலங்களையும் பணித்தது. ஆனால் ஏற்கெனவே பள்ளியோ மருந்தகமோ அமைந்துவிட்ட நிலத்துக்கு விலக்கு அளிக்கலாம் என்றும் அது கூறிற்று. ஆகவே பேச வேண்டிய காலம் அடிக்கல் நாட்டுவதற்கு முன்னரே. ஆண்டுக்கு ஆறு முறை கூடும் கிராம சபையில் வாய்மூடி இருந்துவிட்டுக் கட்டடம் எழுந்தபின் வருந்துவதால் பயனில்லை.

மேய்க்கால் மறைந்தால் முதலில் வாடுபவன் யார்? சொந்த நிலமின்றி நான்கு ஆடுகளை வைத்திருப்பவன். மதீனாவை அடுத்த நகீஉவை நபிகள் நாயகம் (ஸல்) முஸ்லிம்களின் குதிரைகள் மேய்வதற்காகக் காக்கப்பட்ட 'ஹிமா'வாக அறிவித்தார்கள். கலீஃபா உமர் (ரலி) தம் காலத்தில் ஹிமாவின் காவலரிடம், சிறு மந்தை உடைய ஏழைகளுக்கு முதலில் வழிவிடுமாறும், பெருஞ்செல்வரின் மந்தைகளுக்கு அவ்வுரிமை இல்லை என்றும் பணித்தார்கள்.

அப்படியாயின் பள்ளி எங்கே எழுவது? அதற்கும் மதீனாவிலேயே விடை உண்டு. மஸ்ஜிதுன் நபவீ எழுந்த இடம் ஸஹ்ல், ஸுஹைல் என்னும் இரு அநாதைச் சிறுவர்களுக்கு உரியது. அவர்கள் இலவசமாகத் தர முன்வந்தும் நாயகம் (ஸல்) அதனை விலை கொடுத்தே பெற்றார்கள். இறையில்லத்துக்கே அதுதான் நெறியெனில் பள்ளிக்கூடத்துக்கு வேறு நெறி ஏது? பெரிய நிறுவனங்கள் தம் நிகர இலாபச் சராசரியில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்று 2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம் விதிக்கிறது. கல்வியும் அப்பணிகளுள் ஒன்று. ஆலைகள் நிறைந்த ஒரகடத்தில் பள்ளிக்கு நிலம் வாங்க வழியில்லை என்று யாரும் கூற இயலாது.

பள்ளி வேண்டும், ஒன்றன்று, பல வேண்டும். ஆனால் ஏரிக்கரையையும் மேய்க்காலையும் விழுங்கி எழுந்த கூடத்தில் அமர்ந்து, பிறர் உரிமையைப் பறிக்காதே என்னும் பாடத்தை எந்த ஆசிரியர் நடத்த முடியும்? கட்ட முனைவோரும் தடுக்க முனைவோரும் இவ்வினாவை ஒன்றாக அமர்ந்து எண்ணிப் பார்ப்பார்களாக.