லாட்டிஸ் கியூசிடி: தமிழகப் பங்களிப்பும் வரலாறும்

அணிக்கோவைக் குவாண்டம் நிறவியக்கவியல் என்பது குவார்க்குகளையும் அவற்றைப் பிணைக்கும் குளுவான்களையும் பற்றிய கோட்பாட்டைக் கணினியில் கணித்தறியும் இயற்பியல் துறை. ஆய்வாளர்கள் இதை 'லாட்டிஸ் கியூசிடி' என்பார்கள். புரோட்டான், நியூட்ரான், பையான் முதலிய குவார்க் கூட்டுத்துகள்கள் ஹாட்ரான்கள் எனப்படும். அவற்றின் நிறையையும் வெப்பநிலை உயரும்போது அவை அடையும் மாற்றத்தையும் அடிப்படை விதிகளிலிருந்தே கணிப்பது இத்துறையின் நோக்கம். சென்னை தரமணியிலுள்ள கணித அறிவியல் நிறுவனமும் மும்பையின் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனமும் இந்தியாவில் இதன் முக்கிய மையங்கள்.

தோற்றம்

குவார்க் என்னும் கருத்தை 1964-இல் மர்ரே கெல்-மானும் ஜார்ஜ் ஸ்வைக்கும் தனித்தனியே முன்வைத்தனர். மிகக் குறுகிய தொலைவில் குவார்க்குகளுக்கு இடையேயான விசை தளர்கிறது என்பதை 1973-இல் கிராஸ், வில்செக், பொலிட்சர் ஆகியோர் காட்டினர். இதற்காக 2004-இல் நோபல் பரிசு பெற்றனர். தொலைவு கூடும்போது விசை வலுத்துவிடுவதால் வழக்கமான தோராயக் கணக்குகள் அங்கே பயன்படுவதில்லை. புரோட்டானிலுள்ள மூன்று குவார்க்குகளின் நிறையைக் கூட்டினால் புரோட்டானின் நிறையில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்குதான் வரும். எஞ்சியது பெரும்பாலும் குளுவான் புலத்தின் ஆற்றலும் குவார்க்குகளின் இயக்க ஆற்றலும்தான். அதைக் கணிக்கப் புதிய வழி தேவைப்பட்டது.

அந்த வழியை 1974-இல் கென்னத் வில்சன் காட்டினார். வெளியையும் காலத்தையும் நாற்பரிமாணக் கட்டங்களாக, அதாவது அணிக்கோவையாகப் பிரித்து, புள்ளிகளில் குவார்க்குகளையும் புள்ளிகளை இணைக்கும் கோடுகளில் குளுவான் புலத்தையும் அவர் அமைத்தார். காஞ்சிபுரத்தில் பட்டுச்சேலையின் மாங்காய்ப் புட்டாவைக் கட்டத்தாளில் வரையும்போது கட்டம் சிறுக்கச் சிறுக்க வளைவு சீராகும். அதுபோலப் புள்ளிகளின் இடைவெளி சுருங்கச் சுருங்க விடையும் உண்மை மதிப்பை நெருங்குகிறது.

முதல் கணக்கீடுகள்

புலத்தின் எல்லா அமைப்புகளையும் கூட்டிக் கணக்கிடுவது இயலாத காரியம். எனவே நிகழ்தகவு மிகுந்த அமைப்புகளை மான்டே கார்லோ முறையில் மாதிரியெடுத்துச் சராசரி காண்கிறார்கள். புரூக்ஹேவன் ஆய்வகத்தின் மைக்கேல் கிரோய்ட்ஸ் 1980-இல் வெளியிட்ட கணக்கீடு இம்முறையின் ஆற்றலை உணர்த்தியது. அடுத்த ஆண்டே ஹாட்ரான் நிறைகளைக் கணிக்கும் முயற்சிகள் தொடங்கின. அவற்றில் வெற்றிடத்தில் தோன்றி மறையும் குவார்க் இணைகளின் விளைவு விடப்பட்டிருந்தது. அதையும் சேர்த்துக் கணிக்க 1987-இல் உருவான 'ஹைப்ரிட் மான்டே கார்லோ' நெறிமுறை வழிசெய்தது.

64×64×64×128 அளவுள்ள அணிக்கோவையில் ஏறத்தாழ 3.36 கோடிப் புள்ளிகள் உண்டு. ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் புறப்படும் நான்கு இணைப்புகளில் ஒவ்வொன்றுக்கும் ஒரு 3×3 அணி தேவை. இத்துறை மீக்கணினிகளை நாடுவதற்குக் காரணம் இதுவே.

சென்னையில்

அல்லாடி ராமகிருஷ்ணன் முயற்சியால் கணித அறிவியல் நிறுவனம் 1962-இல் தொடங்கப்பட்டது. குவார்க்குகளை அணிக்கோவையில் அமைக்கும் சஸ்கின்ட் முறையைப் பற்றி 1981-இல் வெளியான முக்கியக் கட்டுரையின் ஆசிரியர்களுள் ஒருவரான எச். எஸ். ஷரத்சந்திரா பின்னர் இங்கே பணியாற்றினார்.

2004-இல் என். டி. ஹரி தாஸ் தலைமையில் இங்கே 'கப்ரு' என்னும் கணினித் தொகுதி உருவானது. இமயத்தின் ஒரு சிகரத்தின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. 2.4 கிகாஹெர்ட்ஸ் ஜியான் செயலிகள் இரண்டிரண்டு கொண்ட 144 கணினிகளை முப்பரிமாண வலையமைப்பில் இணைத்து அதை அமைத்தனர். கடைச்சரக்கான செயலிகளால் ஆன இத்தொகுதி உலகின் முதல் 500 மீக்கணினிகளின் பட்டியலில் இடம்பெற்றது. ஹரி தாஸும் புஷன் மஜும்தாரும் 2006-இல் வெளியிட்ட ஆய்வு, குவார்க்கையும் எதிர்க்குவார்க்கையும் இணைக்கும் விசைக்குழல் அதிரும் இழை போலவே நடந்துகொள்கிறது என்பதை நுட்பமாகக் காட்டியது. விலையுயர்ந்த மீக்கணினி இல்லாமலேயே முதல்தர ஆய்வு செய்ய முடியும் என்பதை நிறுவியதால் கப்ரு இந்திய அறிவியல் வரலாற்றில் பெருமையுடன் நினைக்கத்தக்கது.

இந்திய அளவில்

அணுக்கருப் பொருளின் அடர்த்தி கூடும்போது நிகழ்தகவு எடைகள் கலப்பெண்களாகி மான்டே கார்லோ முறை செயலிழக்கிறது. இத்தடையைக் கடக்க ராஜீவ் கவாயும் சௌரேந்து குப்தாவும் டெய்லர் தொடரைப் பயன்படுத்தி, குவார்க் பொருளின் மாறுநிலைப் புள்ளி இருக்கக்கூடிய இடத்தை 2005-இல் மதிப்பிட்டனர். எல்எச்சிபி என்னும் துகள் மோதல் ஆய்வு 2017-இல் கண்டறிந்த ஒமேகா-சி துகள்களின் குவாண்டம் எண்களை நீல்மணி மாத்தூரும் எம். பத்மநாத்தும் அணிக்கோவைக் கணக்கால் விளக்கினர். பத்மநாத்தும் வெப்பநிலை ஆய்வில் ஈடுபட்டுள்ள சயந்தன் சர்மாவும் பின்னர் தரமணி நிறுவனத்தில் ஆசிரியர்களாகச் சேர்ந்தனர்.

இன்றைய நிலை

2008-இல் ஒரு ஐரோப்பியக் குழு புரோட்டான் உள்ளிட்ட ஹாட்ரான்களின் நிறைகளைச் சில சதவீதத் துல்லியத்தில் கணித்தது. 2015-இல் நியூட்ரானுக்கும் புரோட்டானுக்கும் உள்ள மிகச்சிறு நிறை வேறுபாடும் கணக்கில் கிட்டியது. ஹாட்ரான்கள் குவார்க்-குளுவான் பிளாஸ்மாவாக மாறும் வெப்பநிலை ஏறத்தாழ 156.5 மெகா எலக்ட்ரான் வோல்ட், அதாவது 1.8 லட்சம் கோடி கெல்வின் என்று 2019-இல் மதிப்பிடப்பட்டது. ஆனால் அடர்த்தி மிகுந்த குவார்க் பொருளைக் கணிக்கும் சிக்கல் இன்னும் முழுமையாகத் தீரவில்லை. நியூட்ரான் விண்மீன்களின் உள்ளமைப்பை முழுதும் அறிவதற்கு அத்தீர்வு இன்றியமையாதது.